வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

(அரசு கலைக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொரோனாக் காலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கல்லூரியிலிருந்து அழைத்தபோது, அதில் இன்னும் பேச என்ன இருக்கிறது என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நோய் போய்விட்டது, கல்லூரி திறந்துவிட்டது, அந்தத் தொகுதி மாணவர்கள் பட்டமும் வாங்கிவிட்டார்கள் என்றார்கள். பட்டம் வாங்கினார்கள், சரி. அந்த இரண்டு ஆண்டுகளில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? நான் வேலை பார்த்த இடங்களில் எண்ணவில்லை. எத்தனை பேர் வகுப்பில் இணைந்தார்கள் என்ற கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. இணையாதவர்கள் எதனால் இணையவில்லை என்ற கணக்கை எந்த அலுவலகமும் கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. ஒரு வாரம் கழித்து நாடே அடங்கியது. கல்லூரி மூடியது என்றால் பாடம் நின்றது என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அன்று மூடியது அதைவிடப் பெரியது. கிராமத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி என்பது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நூலகத்தின் நாளிதழ், கணினி ஆய்வகத்தில் ஒரு மணி நேரம், விடுதியில் மூன்று வேளைச் சோறு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் குறிப்பேடு. ஆதிதிராவிடர் நல விடுதியிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியிலும் தங்கிப் படித்த பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். புத்தகத்தையும் துணியையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஜூன் மாதம் அண்ணா பல்கலைக்கழக விடுதியையே நோயாளிகளைத் தங்கவைக்கச் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. நெருக்கடியில் அது தேவைப்பட்டது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளையையும் கூலி வீட்டுப் பிள்ளையையும் ஒரே மின்விசிறியின் கீழ் உட்காரவைத்திருந்த ஓர் இடம் ஒரே நாளில் இல்லாமல் போனது. அதற்குப் பதிலாக நாம் கொடுத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்க்.

அந்த லிங்க் போய்ச் சேர்ந்த வீடுகளைப் பற்றி நமக்கு முன்பே தெரியும். 2017 ஜூலையிலிருந்து 2018 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று, கல்வி பற்றியும் கணக்கெடுத்தது. இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை நூற்றுக்கு 4.4. நகரத்தில் 23.4. இணைய வசதி இருந்த வீடுகள் கிராமத்தில் 14.9, நகரத்தில் 42. இவை அரசு அச்சிட்டு வெளியிட்ட எண்கள். பெருந்தொற்றுக்கு முன்பே மேசைமேல் இருந்தவை. ஆகவே 2020இல் இணையவழி வகுப்பு என்று முடிவெடுத்தவர்கள், யாருக்கு எது இல்லை என்பதைப் படித்துப் பார்த்திருக்க முடியும்.

இன்னொரு எண்ணையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019–20இல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 51.4. இந்திய அளவில் 27.1. நாம் பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மற்ற பல மாநிலங்களில் கல்லூரி வாசலையே பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே கல்லூரிக்குள் இருந்தார்கள். 2010இலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்துத் தொழிற்கல்விக்குள் அழைத்து வந்தோம். அப்படி அழைத்து வந்த பிள்ளைகளின் வீட்டுக்குத்தான் வகுப்பறையைத் திருப்பி அனுப்பினோம். அந்த வீட்டில் ஒரே ஓர் அறை இருக்கும். அதில் தொலைக்காட்சி ஓடும், தாத்தா படுத்திருப்பார், அம்மா சமைப்பார். ஸ்மார்ட்போன் இருந்தால் அது அப்பாவுடையது. காலையில் அவர் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். வகுப்போ காலை பத்து மணிக்கு.

கணக்கைக் கொஞ்சம் நின்று போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு, படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் இழுக்கும். அன்றைக்குச் சாதாரணமாக எல்லோரும் போட்டுக்கொண்ட ரீசார்ஜ், 28 நாளைக்கு நாளொன்றுக்கு 1.5 ஜிபி. அதன் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் 200 ரூபாயிலிருந்து 250 வரை. 2019 டிசம்பரில்தான் நிறுவனங்கள் கட்டணத்தை ஒன்றாக உயர்த்தியிருந்தன. அந்த 1.5 ஜிபி இரண்டு மூன்று வகுப்புக்கு வரும். நான்காவது வகுப்பில் படம் நிற்கும், குரல் அறுபடும். அதே போனில் தம்பிக்கு ஏழாம் வகுப்புப் பாடமும் நடக்கிறது என்றால் அக்காவுக்கு ஒரு வகுப்பு கிடைத்தால் பெரிது. இப்போது கூலியைப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். அந்தக் கூலியும் எல்லா இடத்திலும் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆக, ஒரு மாத ரீசார்ஜ் ஒரு நாள் கூலி. 7,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினால் 27 நாள் கூலி. தறி நின்று, கட்டட வேலை நின்று, பின்னலாடைக் கம்பெனி கதவடைத்துக் கிடந்த மாதங்களில் இதைக் கேட்டோம். கல்விக் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், பஸ் பாஸ் இலவசம் என்று பல்லாண்டு பாடுபட்டு நீக்கிய செலவுக்குப் பதில் புதிதாக ஒரு செலவு வீட்டுக்குள் நுழைந்தது. எந்த ஆணையிலும் அதற்குக் கட்டணம் என்று பெயரில்லை.

பணம் இருந்தாலும் சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, கடம்பூர் மலை, நீலகிரியின் உட்புறக் கிராமங்கள் என்று அந்த வரிசை நீளும். டவர் தேடி மேட்டுக்குப் போவதும் பாறைமேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்வதும் அன்று செய்தித்தாள்களில் படமாக வந்தன. இலங்கையில் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியரும் காட்டுவழியே மலையேறிப் பாறையுச்சியில் பாடம் நடத்திய படம் 2021இல் உலகமெங்கும் போயிற்று. அந்தப் படங்களைப் பார்த்து, படிப்பின்மேல் என்ன ஆர்வம் என்று நாம் வியந்தோம். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடில்லை. பாறையில் ஏறினால்தான் பாடம் என்றால், ஏறாதவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்க வேண்டும். மாலையில் மழை வந்தபோது வீட்டுக்குத் திரும்பிய பெண்ணை எந்தப் புகைப்படக்காரரும் படமெடுக்கவில்லை.

சிக்னல் என்றவுடன் காஷ்மீரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே இணையத்தைத் தடுத்தது மலையன்று, ஆணை. 2019 ஆகஸ்ட் 5 அன்று துண்டிக்கப்பட்ட இணையம் 2020 தொடக்கத்தில் 2ஜி வேகத்தில் மட்டும் திரும்ப வந்தது. ஆகஸ்டில் இரண்டு மாவட்டங்களுக்கு 4ஜி சோதனையாகக் கொடுக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களுக்கு 2021 பிப்ரவரியில்தான் கிடைத்தது. நாடு முழுவதும் திரையைப் பார்த்துப் படிக்கச் சொன்ன அந்த முதல் ஆண்டு முழுவதும் காஷ்மீரப் பல்கலைக்கழக மாணவர்களில் பெரும்பாலோர், படம் அசையாத 2ஜியில் படித்தார்கள். இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போயிற்று. 2020 மே மாதம் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்துப் பரிசீலிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை போன் பயன்படுத்தத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. உரிமை என்று தீர்ப்பெழுதிய நாட்டில்தான் இதுவும் நடந்தது.

இப்போது நம் பக்கம் வருகிறேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

போன் இல்லாதது வறுமை. சிக்னல் இல்லாதது நிறுவனங்களும் அரசும் செய்த புறக்கணிப்பு. இவை இரண்டும் நம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பது நம் கையில் இருந்தது. பெரும்பாலான கல்லூரிகள் என்ன செய்தன? சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைக் கழற்றி அப்படியே திரையில் மாட்டின. காலை முதல் மாலை வரை மணிக்கு மணி நேரலை. ஒவ்வொரு மணிக்கும் வருகைப் பதிவு. கேமராவைப் போடு, முகத்தைக் காட்டு என்ற கட்டளை வேறு. வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது என்ற மிரட்டல் சில இடங்களில். எல்லா வழிகளிலும் அதிக டேட்டா இழுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அதையே வகுப்பு என்று அறிவித்தோம்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. பேச்சை மட்டும் பதிவு செய்து, ஒரு நொடிக்கு 32 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் ஒரு மணி நேர உரை 14.4 எம்பிதான் வரும். அரை ஜிபி எங்கே, 14 எம்பி எங்கே! அப்பா இரவு வேலை முடிந்து வந்த பிறகு போனில் இறக்கிக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அதனுடன் நான்கு பக்கக் குறிப்பை எழுத்தாக அனுப்பலாம். அஞ்சலில் பாடம் அனுப்பும் அனுபவம் நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதில்லை, தொலைநிலைக் கல்வி இயக்ககங்கள் பல்லாண்டுகளாகச் செய்த வேலை அது. வாரத்துக்கு ஒரு நாள் மாலையில் சந்தேகம் கேட்க மட்டும் நேரலை வைத்திருக்கலாம். சில ஆசிரியர்கள் தாமாகவே இப்படிச் செய்தார்கள், அவர்களை நான் அறிவேன். போன் இல்லாத மாணவருக்குப் பக்கத்து ஊர் மாணவர் வழியாகக் குறிப்புகளை நகலெடுத்து அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் நிர்வாகங்களின் கேள்வி வேறாக இருந்தது. வகுப்பு நடந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். தனியார் கல்லூரிகளில் கட்டணம் வசூலிக்கவும் அந்தச் சான்று வேண்டியிருந்தது. திரையில் அறுபது சதுரங்கள் தெரியும் படம் நல்ல சான்று. மாணவர் கேட்டு மறுபடி கேட்டுப் புரிந்துகொண்ட ஒலிப்பதிவுக்கு அப்படியொரு படம் கிடையாது.

அப்படித்தான் வருகைப் பதிவேடு பொய் சொல்லத் தொடங்கியது. இணைந்தவர் வந்தவர் ஆனார். மியூட்டில் போட்டுவிட்டு நூல் மில்லில் நின்றவரும் வந்தவர்தான். ஆர்வமாகக் காத்திருந்து டவர் கிடைக்காமல் போனவர் வராதவர். வராதவர் என்ற குறி இரண்டு வாரம் தொடர்ந்தால் அக்கறையில்லாதவர் என்ற பேராகிவிடும். பேருந்தே போகாத ஊர்ப் பிள்ளையை வாசலில் நிறுத்தி ஏன் தாமதம் என்று கேட்பதைப் போன்றது இது. நேர் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் பக்கத்து இருக்கைக்காரனிடம் விசாரிப்போம், விடுதிக் காப்பாளரைக் கேட்போம். திரையில் ஒரு பெயர் காணாமல் போனால், அது காணாமல் போனதே தெரியாது.

காணாமல் போன பெயர்களில் பெண்களுடையவை எவ்வளவு என்று என்னால் எண்ணாகச் சொல்ல முடியாது. ஆனால் ஊகிக்க ஆதாரம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 57.1, பெண்கள் 33.3. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதை இந்த எண்ணே சொல்கிறது. கல்லூரிக்குப் போகிற பெண் காலை எட்டு மணிக்குப் படியிறங்கிவிட்டால் மாலைவரை அவளை யாரும் வேலை ஏவ முடியாது. வீட்டிலேயே இருக்கிற பெண்ணுக்கு வகுப்பு நேரம் என்ற ஒன்று கிடையாது. காதில் இயர்போனுடன் பாத்திரம் தேய்த்தபடி பொருளாதாரம் கேட்டார்கள். வீட்டில்தானே இருக்கிறாள் என்று மாப்பிள்ளை பார்த்த குடும்பங்களும் உண்டு. கல்லூரி மறுபடி திறந்தபோது சில பெண்கள் தாலியோடு வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

பார்வையற்ற மாணவர்களின் துன்பம் இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. நாம் அனுப்பிய குறிப்புகளில் பாதி, புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியவை. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம், அதில் ஓர் எழுத்துகூட இல்லை. வகுப்பில் வாசித்துக் காட்ட நண்பர் இருந்தார், தேர்வில் சொல்வதை எழுதுபவர் இருந்தார். அவர்கள் எல்லோரும் வேறு வேறு ஊர்களில் அடைபட்டிருந்தார்கள். தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அதற்குப் பணம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஜனவரி 10 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு செய்தார். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும், கல்வி உதவித்தொகை பெறுவோர் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகளிலும் பயிலும் 9,69,047 மாணவர்களுக்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை. அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வழங்குவார்கள். நல்ல திட்டம். ஆனால் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். கல்லூரி மூடி அப்போது பத்து மாதம் ஆகப் போகிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பர் 7 அன்றே நேர் வகுப்பு தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்குப் பிப்ரவரி 8. ஏப்ரலோடு அட்டையின் காலம் முடிந்தது. இரண்டாம் அலைக்கான முழு ஊரடங்கு மே 10 அன்று வந்தது. கல்லூரிகள் மறுபடி திறந்தது செப்டம்பர் 1. டேட்டா மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் அட்டை இல்லை, அட்டை இருந்த மாதங்களில் ஒரு பகுதி கல்லூரி திறந்திருந்தது.

இலங்கை இதை வேறு விதமாகச் செய்தது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு உண்டு. பல்கலைக்கழகங்கள் தாமே சேர்ந்து நடத்துவது. 2020 மார்ச்சில் கதவடைத்த சில காலத்திலேயே, லேர்ன் வழியாக நடக்கும் ஜூம் வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்கும் மாணவர்களிடம் டேட்டாக் கட்டணம் வாங்குவதில்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. மாணவரிடம் அட்டை கொடுத்துச் செலவழிக்கச் சொல்லாமல், வகுப்பின் வழியையே இலவசமாக்கிவிட்டார்கள். வன்னியிலும் மலையகத்திலும் சிக்னல் இல்லாத இடத்தில் இது பயன்படவில்லை என்பது உண்மை. போன் இல்லாதவர்க்கு இது போனும் ஆகவில்லை. இருந்தாலும், டேட்டாச் செலவு என்ற ஒரு தடையை முதல் சில வாரங்களிலேயே நீக்க முடியும் என்று காட்டினார்கள். நம்மிடம் பெரிய அரசும் பெரிய நிறுவனங்களும் இருந்தும், தேசிய அளவில் கல்லூரி மாணவர்க்கு அப்படி ஓர் ஏற்பாடு வரவில்லை.

இதற்கு மாறாக, தமிழ்நாடு முன்கூட்டியே செய்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படித்தவர்களுக்கு லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. அன்று அதை எத்தனை பேர் ஏளனம் செய்தார்கள்! பொறியியல் கல்லூரிக்கு வந்த அரசுப் பள்ளி மாணவர் கையில் 2020 மார்ச்சில் ஒரு மடிக்கணினி இருந்தது என்றால் அது பெரும்பாலும் இந்த மடிக்கணினிதான். மின்கலம் செத்துப் போயிருந்தாலும் மின்சாரத்தில் செருகினால் வேலை செய்தது. ஒரு சமூகம் நல்ல காலத்தில் செய்துவைத்தது கெட்ட காலத்தில் பயன்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வருத்தம் என்னவென்றால், பெருந்தொற்று வந்த நேரத்தில்தான் அந்தத் திட்டம் தடைபட்டது. தேவை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் வெறுங்கையோடு கல்லூரிக்கு வந்தார்கள். 2025–26 நிதிநிலை அறிக்கையில்தான், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு வந்தது. வரவேற்கிறேன். ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தின் கதையும் இதேதான். தமிழ்நாட்டில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி, முறைகேட்டுப் புகார்களால் 2020 ஜூனில் ரத்தானது. மறுபடி தொடங்க மேலும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தேர்வுகளுக்கு வருகிறேன். மாணவர்களின் உண்மையான காயம் அங்கேதான்.

2020 ஜூலை 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இறுதியாண்டுத் தேர்வுகளைச் செப்டம்பர் 30க்குள் நடத்தியாக வேண்டும் என்றது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும் தேர்வில்லாமல் பட்டம் இல்லை என்று உறுதி செய்தது. மற்ற ஆண்டு மாணவர்களுக்குத் தமிழக அரசு தேர்வை ரத்து செய்தது. ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டிய அரியர் தாள்களிலும் தேர்ச்சி என்று அறிவித்தது. ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடினார்கள். அதைக் கேலி செய்தவர்கள் பலர். நான் அந்த மாணவர்களைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த முடிவு சமமானது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். படிக்க வழியில்லாதவருக்குப் படிக்க வழி தருவதற்குப் பதில் மதிப்பெண் தந்தோம். மதிப்பெண்ணோடு வேலை கேட்டுப் போனபோது, அந்த ஆண்டுப் பட்டதாரியா என்று நிறுவனங்கள் முகம் சுளித்தன. பாடம் கிடைத்த பிள்ளையும் கிடைக்காத பிள்ளையும் ஒரே சான்றிதழோடு போய் வேலைத் தேர்வில் பிரிந்து நின்றார்கள்.

அதன் பின் 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வு வந்தது. வீட்டிலிருந்தே இணையவழித் தேர்வு. கேமராவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் கண்காணிக்கும். தலை திரும்பினால், வேறு குரல் கேட்டால், இணைப்பு அறுந்தால் அது குறித்துக்கொள்ளும். ஒற்றை அறை வீட்டில் தேர்வெழுதும் பிள்ளையின் பின்னால் யாராவது நடக்கத்தான் செய்வார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை அழத்தான் செய்யும். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுபவருக்கு நேர்மை எளிதாக நிரூபணமாகிவிடும். முடிவு வந்தபோது பெருந்திரளான மாணவர்கள் தோல்வி என்றும் முடிவு நிறுத்திவைப்பு என்றும் அறிந்தார்கள். மே மாதம் பதவியேற்ற புதிய அரசு மறுதேர்வு அறிவித்தது. பிழை திருத்தப்பட்டது உண்மை. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் முறைகேடு செய்தவர் என்ற பெயரைச் சுமந்துகொண்டு தன் வீட்டாரின் முன் நின்ற ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இடமில்லாததை மென்பொருள் குற்றமாக எழுதிவைத்தது.

2020 நவம்பரில், தில்லியின் புகழ்பெற்ற கல்லூரி ஒன்றில் கணிதம் படித்துவந்த தெலங்கானா மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்ற பெண், எளிய உழைப்பாளி வீட்டுப் பெண். மடிக்கணினி வாங்க முடியாமல், உதவித்தொகை வராமல், வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன் என்று வருந்தினார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பழைய மடிக்கணினியும், மாதம் தவறாமல் வரும் உதவித்தொகையும், இருக்க ஒரு விடுதி அறையும் அந்தப் பெண்ணுக்கு உரியவையாக இருந்தன, அவை கொடுக்கப்படவில்லை. இங்கே இருக்கும் மாணவர்களில் யாருக்காவது அப்படிப் பாரம் அழுத்தினால், இந்த மேடையில் இருக்கும் எவரிடமும் எந்த நேரத்திலும் வாருங்கள்.

இதெல்லாம் முடிந்த கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 மே மாதமே, நாட்டின் முதல் நூறு பல்கலைக்கழகங்கள் இணையவழிப் படிப்புகளைத் தாமாகவே தொடங்கலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் நாடு பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று மானியக் குழு கருத்துரு வெளியிட்டது. நெருக்கடிக்குச் செய்த ஏற்பாடு கொள்கையாக மாறிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் 2022இல் 13 மணி நேர மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது கல்விக்கூடங்கள் மறுபடி திரைக்குப் போயின. 2024 நவம்பரில் தில்லிப் பல்கலைக்கழகம் காற்று மாசுக்காக ஒரு வாரம் இணையவழிக்கு மாறியது. அடுத்தது புயலாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம். சென்னைக்கும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் இணையவழிக் கல்விக்கு எதிரி அல்லன். நல்ல பேராசிரியரின் உரை நாட்டின் எந்த மூலைக்கும் போய்ச் சேரலாம் என்பதை என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் 2003இலிருந்து காட்டிவருகிறது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பிவிட்டோம் என்று கையெழுத்திடுவதற்குத்தான் நான் எதிரி.

ஆகவே இந்தக் கல்லூரி நிர்வாகத்தையும் துறைத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வரும் சேர்க்கைப் படிவத்தில் சில கேள்விகளைச் சேருங்கள். வீட்டில் எத்தனை போன், அது பகலில் யாரிடம் இருக்கும், வீட்டுக்குள் சிக்னல் வருமா, படிக்கத் தனி இடம் உண்டா, கண் பார்வையிலோ காது கேட்பதிலோ குறை உண்டா. விடைகளைத் துறைவாரியாகத் தொகுத்து வையுங்கள். மறுபடி கதவு மூடும் நாள் வந்தால், முதல் நேரலை வகுப்புக்கு முன், அந்தப் பட்டியலின் அடியில் இருக்கும் மாணவருக்கு முதலில் போன் செய்து பேசுங்கள். அவருக்கு எந்த வழியில் பாடம் போகுமோ அந்த வழியிலேயே முழு வகுப்புக்கும் நடத்துங்கள். விடுதியில் ஒரு தளத்தையாவது, வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்காக, நோய்க் காலத்திலும் திறந்துவைக்க மாவட்ட நிர்வாகத்திடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். மாணவர்களே, அந்தப் படிவத்தில் கூச்சப்படாமல் உண்மையை எழுதுங்கள். எங்கள் வீட்டில் போன் இல்லை என்று எழுதுவதில் உங்களுக்கு எந்த இழிவும் இல்லை. சேர்க்கை ஜூன் மாதம் முடிகிறது. பட்டியல் ஜூலைக்குள் தயாராகட்டும்.